மலைப்பாதையும் முதல் நிமிடமும்

வீட்டிலேயே பிள்ளை பெறத் தீர்மானித்திருக்கும் தம்பதியருக்கு,

உங்களில் பலர் படித்தவர்கள். ரசாயனம் போடாத அரிசியைத் தேடி வாங்குகிறவர்கள், தேவையில்லாமல் ஒரு மாத்திரையைக்கூடத் தொடாதவர்கள், பிறக்கப்போகும் பிள்ளைக்கு எது நல்லது என்று மாதக்கணக்கில் யோசித்தவர்கள். உங்களை விவரம் கெட்டவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. 2018 ஜூலையில் திருப்பூரில், வீடியோ பார்த்து வீட்டிலேயே நடத்திய பிரசவத்தில் ஓர் இளம் தாய் ரத்தப்போக்கால் இறந்தார். அடுத்த மாதமே, வீட்டுப் பிரசவத்துக்கு இலவசப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஒருவர் கோவையில் கைதானார். 2023 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி அருகே இன்னொரு தாயின் உயிர் போனது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் கணவரே மனைவிக்குப் பிரசவம் பார்த்த விவகாரம் போலீஸ் வரை போனது. ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் பரபரப்பு, நான்கு பேரின் வசவு, பிறகு அடுத்த செய்தி. நீங்கள் எழுப்பிய கேள்விகள் அப்படியே நிற்கின்றன. வசவைக் கேட்டு யாரும் மனம் மாறியதில்லை. காரணத்தைச் சொன்னால் மாறக்கூடும் என்று நம்பி எழுதுகிறேன்.

என் வாதம் ஒன்றுதான். பிள்ளை பிறக்கும் இடம் வீடா ஆஸ்பத்திரியா என்பது முதல் கேள்வி அல்ல. ஏதாவது பிசகினால் அதைச் சரிசெய்யத் தெரிந்த கையும், அதற்கு வேண்டிய மருந்தும் எத்தனை நிமிடத் தொலைவில் இருக்கின்றன என்பதே முதல் கேள்வி. அது தாய்க்கும் பொருந்தும், அதைவிட அதிகமாகப் பிள்ளைக்குப் பொருந்தும். பிறந்த முதல் நிமிடத்திலும் அடுத்து வரும் முதல் வாரத்திலும் சிசுவுக்கு நேரும் ஆபத்துகளில் பெரும்பாலானவை சத்தம் போட்டு வருவதில்லை. அவற்றைக் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும். கண்டபின் கைக்கெட்டும் தூரத்தில் சிகிச்சை வேண்டும். தூரம் என்றால் என்ன என்பது சமவெளியில் இருப்பவர்களுக்குச் சரியாகப் புரிவதில்லை. புரிய வேண்டுமானால் திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைக்கு ஏறிப் பார்க்க வேண்டும்.

மணிமுத்தாறு அணையைத் தாண்டி, வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்து, கொண்டை ஊசி வளைவுகளில் சுமார் 20 கிலோமீட்டர் ஏறினால் மாஞ்சோலை. அதற்கும் மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, கடைசியாகக் குதிரைவெட்டி. சிங்கம்பட்டி ஜமீன் காட்டில் 8,373 ஏக்கரை 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, பாம்பே பர்மா கம்பெனி போட்ட தேயிலைத் தோட்டங்கள் இவை. சுற்றிலும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களைக் கணக்கெடுத்தால் நாலுமுக்கும் ஊத்தும் முன்வரிசையில் வரும். மழை பிடித்துவிட்டால் பாதையில் மண் சரியும், மரம் விழும். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் தெரியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, கீழே சமவெளியிலேயே ஊருக்கு ஊர் தொடர்பு அறுந்தது என்றால் மலைமேல் இருந்தவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்துதருவது நிர்வாகத்தின் கடமை என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனால் அந்தக் கடமை வேலையோடு கட்டப்பட்டது. 2024 ஜூனில் கம்பெனி வேலையை நிறுத்தியதும், லயன் வீடுகளை விட்டுப் போகாமல் மலையிலேயே இருப்பவர்களுக்கு அந்தச் சட்டத்தின் துணை இல்லாமல் போனது. அங்கே நள்ளிரவில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி எடுத்தால், அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைக்கோ அதற்கும் அப்பால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ போய்ச் சேர ஆகும் நேரத்தை வண்டியும் மழையும் பாதையும்தான் தீர்மானிக்கும். நிறைமாதத்தில் மலைமேல் இருக்கும் ஒரு பெண் வேறு வழியில்லாமல் அனுபவிக்கும் தூரத்தை, தெருமுனையில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும் நீங்கள் விரும்பி உருவாக்கிக்கொள்கிறீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல், என்ன நடந்தாலும் வெளியே போவதில்லை என்று முடிவெடுத்த வீடு, பாளையங்கோட்டையில் இருந்தாலும் குதிரைவெட்டியில்தான் இருக்கிறது.

முதல் நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். தாயின் வயிற்றில் இருக்கும்வரை சிசுவின் நுரையீரலில் நிறைந்திருப்பது நீர்; பிராணவாயு தொப்புள்கொடி வழியாக வருகிறது. வெளியே வந்த சில நொடிகளில் அந்த நீர் விலகிக் காற்று புக வேண்டும், ரத்த ஓட்டம் பாதை மாற வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே வீறிட்டு அழுது இதைச் செய்துவிடுகிறார்கள். நூற்றில் பத்துப் பிள்ளைகளுக்குச் சிறிய உதவி வேண்டியிருக்கிறது: வெதுவெதுப்பான துணியால் துடைப்பது, முதுகைத் தேய்த்துத் தூண்டுவது, கழுத்தை அளவாக நிமிர்த்தி மூச்சுப்பாதையைத் திறப்பது. அப்படியும் மூச்சு வராவிட்டால் முகத்தில் சிறு முகமூடியைப் பொருத்தி, காற்றுப்பையை அழுத்தி, நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்த வேண்டும். நூற்றில் ஒரு பிள்ளைக்கு இதையும் தாண்டிய தீவிர சிகிச்சை தேவைப்படும். காற்றுப்பையை எடுக்க வேண்டியது பிறந்த 60 நொடிகளுக்குள். அதைத்தான் பொன்னான நிமிடம் என்கிறார்கள். முகமூடி கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா, நெஞ்சு ஏறி இறங்குகிறதா, இதயத் துடிப்பு நூறுக்கு மேல் போகிறதா என்று ஒரே சமயத்தில் பார்க்கக் கை பழகியிருக்க வேண்டும். செவிலியர்கள் இதைப் பொம்மையை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்து பழகுகிறார்கள். எந்தப் பிள்ளை அந்தப் பத்தில் ஒன்று என்று முன்கூட்டியே முழுமையாகச் சொல்ல எந்த ஸ்கேனாலும் முடியாது. ஒன்பது மாதமும் எல்லாம் சரியாக இருந்த தாயின் பிள்ளையும் அந்தப் பத்தில் வரக்கூடும். வீடியோவில் பார்த்தது அந்த நேரத்தில் கைக்கு வராது. 108-ஐ அழைத்தால் வண்டி வரும். ஆனால் தமிழ்நாட்டின் எந்தத் தெருவுக்கும் அது அறுபது நொடியில் வராது.

தாயின் பக்கம் கணக்கு நிமிடங்களில் இல்லை, ஒன்றிரண்டு மணி நேரத்தில் இருக்கிறது. நஞ்சுக்கொடி விழுந்ததும் கருப்பை கல்லுப்போல இறுகினால்தான் திறந்திருக்கும் ரத்தக்குழாய்கள் அடைபடும். இறுகாவிட்டால் ரத்தம் நிற்காது. பெருக்கு மிகுந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போய்விடக்கூடும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிள்ளை பிறந்தவுடன் போடும் ஆக்சிடோசின் ஊசி இந்த ஆபத்தைப் பெருமளவு தடுக்கிறது. திருப்பூரில் போன உயிர் இந்த வகையில்தான் போனது. இதைப் பற்றி ஏற்கனவே நிறையப் பேசியாகிவிட்டது. பேசாமல் விடப்படுவது பிள்ளையின் முதல் வாரம். வீட்டுப் பிரசவம் வெற்றி என்று நீங்கள் மகிழ்ந்து படம் எடுத்து அனுப்பும் அந்த வாரம்.

மஞ்சள் காமாலையை எடுத்துக்கொள்வோம். பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் கொஞ்சம் மஞ்சள் தட்டுகிறது. பெரும்பாலும் தானாக மறைந்துவிடுகிறது. அதனால்தான் இதில் ஏமாந்துபோவது எளிது. முதல் 24 மணி நேரத்துக்குள் தெரியும் மஞ்சள் ஒருபோதும் இயல்பானது அல்ல. முகத்தில் தொடங்கிய மஞ்சள் நெஞ்சு, வயிறு என்று இறங்கி உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் வந்துவிட்டால் ரத்தத்தில் பிலிருபின் அளவு ஆபத்தை நெருங்குகிறது என்று பொருள். மாநிறமான, கறுத்த பிள்ளைகளிடம் இதை வெறும் கண்ணால் பார்ப்பது இன்னும் கடினம். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் தோலை விரலால் அழுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும், சந்தேகம் வந்தால் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். தாயின் ரத்தம் ஆர்.எச். நெகட்டிவ் ஆகவும் பிள்ளையின் ரத்தம் பாசிட்டிவ் ஆகவும் இருந்தால் மஞ்சள் வேகமாக ஏறும். அந்தத் தாய்க்குப் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஆன்ட்டி-டி ஊசி போடாவிட்டால் அடுத்த கருவுக்கே ஆபத்து. ரத்த வகை தெரியாத வீட்டில் இதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? அளவு மீறிய பிலிருபின் மூளைக்குள் போய்ப் படிந்தால் காது கேளாமை, கைகால் முடக்கம் என்று ஆயுள் முழுக்க நிற்கும் பாதிப்பு. அதைத் தடுக்கும் சிகிச்சையோ மிக எளிமையானது: நீல விளக்கின் கீழ் ஒன்றிரண்டு நாள்.

காலை இளவெயிலில் காட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், வெயில் பட்ட குழந்தைகளின் தோலில் மஞ்சள் வெளுத்திருப்பதைக் கவனித்தவர் ஒரு செவிலியர்; அந்தக் கவனிப்பிலிருந்துதான் விளக்குச் சிகிச்சையே பிறந்தது. வெயிலை நம்பியவர்கள் அறியாதவர்கள் அல்ல. ஆனால் மருத்துவம் அங்கேயே நின்றுவிடாமல் எந்த நிற ஒளி, எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று அளந்தது. வெயிலை அளக்க முடியாது. அதற்காகத் துணியில்லாமல் கிடத்தினால் சிசுவின் உடல் குளிர்ந்துபோகும், இல்லையென்றால் தோல் வெந்துபோகும். நாலுமுக்கில் மழைக்காலத்தில் நாள்கணக்கில் சூரியனே தெரியாது. அங்கே இளவெயில் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மஞ்சளாவது நிறத்தில் காட்டிக்கொடுக்கும். கிருமித்தொற்று அதையும் செய்யாது. பெரியவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் கொதிக்கும். பச்சிளங்குழந்தைக்கு உடம்பு ஜில்லென்று ஆகலாம். நேற்றுவரை இழுத்துக் குடித்த பிள்ளை இன்று மார்பை வாயில் வைத்தபடி தூங்கும். தூக்கினால் துவளும். நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்கும், விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கும். இவற்றைப் பார்த்து மாந்தம் என்றும் சீர் என்றும் தோஷம் என்றும் சொல்லி ஒருநாள் பொறுத்துப் பார்த்த வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. சிசுவுக்குத் தொற்று வந்தால் காத்திருக்க ஒருநாள் கிடையாது. ஊசிமருந்து அன்றைக்கே தொடங்க வேண்டும். வைட்டமின் கே பற்றாக்குறையால் வரும் ரத்தக்கசிவு இன்னும் மௌனமானது. பிறக்கும்போது எல்லாச் சிசுக்களின் உடலிலும் இந்தச் சத்து குறைவு, தாய்ப்பாலிலும் குறைவு. பிறந்தவுடன் தொடையில் போடும் 1 மில்லிகிராம் ஊசி அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. போடாத குழந்தைகளில் சிலருக்கு, மிகச் சிலருக்குத்தான், இரண்டு வாரம் முதல் ஆறு மாதத்துக்குள் திடீரென்று ரத்தம் கசிகிறது. அப்படிக் கசிந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது மூளைக்குள் கசிகிறது. கொழுகொழுவென்று தாய்ப்பால் குடித்து வளர்ந்த பிள்ளைக்கு இது நேரும்போது, வீட்டில் போடாமல் விட்ட ஓர் ஊசிதான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது.

தொப்புள்கொடியை வெட்டாமல் நஞ்சோடு நாள்கணக்கில் விட்டுவைக்க வேண்டும் என்று உங்களில் சிலர் நம்புகிறீர்கள். பிறந்தவுடன் அவசரமாக வெட்டக் கூடாது என்பது சரி. ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்து வெட்டினால் பிள்ளைக்கு ரத்தமும் இரும்புச்சத்தும் கூடுதலாகக் கிடைக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பழைய ஆஸ்பத்திரி வழக்கம் பிழை, அது திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் கொடியில் துடிப்பு நின்றபின் அதில் ஓடுவது எதுவுமில்லை. அப்புறம் அது உயிரற்ற சதை, கிருமி வளர ஏற்ற இடம். அதைப் பிள்ளையின் வயிற்றோடு சேர்த்து வைத்திருப்பதில் நன்மை எதுவும் கண்டறியப்படவில்லை.

இனி உங்கள் எதிர்வாதங்கள். முதலாவது, எங்கள் பாட்டிமார் எல்லாரும் வீட்டில்தானே பெற்றார்கள் என்பது. பெற்றார்கள். எத்தனை பெற்றீர்கள் என்று அந்தத் தலைமுறையிடம் கேட்டால், பத்துப் பெற்றேன், அஞ்சு தங்கிச்சு என்று பதில் வரும். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் கிடத்தி எடுப்பதும், தவிட்டுக்கு விற்று வாங்குவதும், பிச்சை, குப்பம்மாள் என்று பேர் வைப்பதும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நம் பாட்டிமார் காலம்வரை சாதாரணமாக நடந்தவை. அவ்வளவு அச்சத்தோடுதான் அந்தக் காலத்துப் பேறுகாலம் நடந்தது. மருத்துவச்சிகளின் கைப்பக்குவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை; வலி கண்ட பெண்ணை நடக்க விட்டது, சாய்ந்து பிடித்துக்கொள்ளத் தோள் கொடுத்தது, இரவெல்லாம் கூடவே இருந்தது எல்லாம் இன்றைய பிரசவ அறைகள் மறந்துபோன நல்ல வழக்கங்கள். ஆனால் துருப்பிடித்த கத்தியால் கொடியை அறுத்ததில் வந்த வில்வாத ஜன்னியை அவர்களால் தடுக்க முடியவில்லை. கர்ப்பிணிக்குத் தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் சேர்ந்து பரவியபின், 2015-இல்தான் இந்தியாவில் அந்த நோய் ஒழிக்கப்பட்ட நிலைக்கு வந்தது. 1992-93-இல் தமிழ்நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பிரசவம் வீட்டில் நடந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 99.6 சதவீதம் மருத்துவமனைகளில். 2018-20-இல் ஒரு லட்சம் பிறப்புக்குத் தாய் மரணம் நாடு முழுவதும் 97 ஆக இருந்தபோது தமிழ்நாட்டில் 54. சத்துணவும் பெண்கல்வியும் கல்யாண வயது ஏறியதும் இதில் பங்கு வகித்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் ரத்தப்போக்கைச் சத்துணவால் நிறுத்த முடியாது.

இரண்டாவது, நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் இன்றும் வீட்டில் பிரசவம் நடக்கிறதே என்பது. இதுதான் உங்கள் வாதங்களில் வலுவானது. எனவே ஆதாரத்தோடு பேசுவோம். 2011-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு, ஆபத்துக் குறைந்த 64,538 பெண்களைத் தொடர்ந்து பார்த்தது. ஏற்கனவே பிள்ளை பெற்ற பெண்களுக்கு வீட்டுப் பிரசவத்தால் சிசுவுக்குக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. தலைப்பிரசவத்தில் நிலைமை வேறு: சிசு மரணமோ கடும் பாதிப்போ ஆஸ்பத்திரியில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டில் தொடங்கிய தலைப்பிரசவங்களில் 45 சதவீதம் நடுவிலோ, பிறந்தவுடனோ ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டன. பட்டம் பெற்ற மருத்துவச்சிகள், கையில் ஆக்சிஜன், மருந்து, காற்றுப்பை, வாசலில் கூப்பிட்டவுடன் வரும் வண்டி, ஒத்துழைக்கத் தயாராக இருக்கும் ஆஸ்பத்திரி, ஆபத்துள்ள கர்ப்பங்களை முதலிலேயே கழித்துவிடும் கண்டிப்பு: இத்தனைக்கும் நடுவில் கிடைத்த எண்கள் இவை. நெதர்லாந்தில் பிரசவத்துக்குப் பின் ஒரு வாரத்துக்கும் மேலாகப் பயிற்சி பெற்ற பணியாளர் தினமும் வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கிறார். அங்கே வீட்டுப் பிரசவம் மருத்துவத்தின் ஓர் அங்கம். இங்கே நீங்கள் திட்டமிடுவது மருத்துவத்தை வெளியே நிறுத்திவிட்டு நடக்கும் பிரசவம். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

மூன்றாவது, ஆஸ்பத்திரிக்குப் போனாலே வயிற்றைக் கிழிக்கிறார்கள், கத்துகிறார்கள், மதிப்பதில்லை என்பது. இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதே 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. ஒரு சமூகத்தில் சிசேரியன் பத்து சதவீதத்தைத் தாண்டிய பிறகு, அது இன்னும் கூடுவதால் தாய் சேய் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. நம் எண்கள் எந்த மருத்துவக் காரணத்தாலும் விளக்க முடியாதவை. இதற்கு மருத்துவத் துறை பதில் சொல்லியே ஆக வேண்டும். வலியில் துடிக்கும் பெண்ணை ஏசுவது, உறவினர் யாரையும் உள்ளே விடாமல் தனியே படுக்க வைப்பது, கேட்காமலே பிறப்புறுப்பை வெட்டித் தைப்பது போன்றவற்றுக்குச் சிகிச்சை என்று பேர் கிடையாது. ஆனால் இந்தக் குறைகளுக்கான மருந்து ஆஸ்பத்திரியை மாற்றுவதில் இருக்கிறது. அதற்கான வழிகாட்டுதல்கள் ஏற்கனவே உங்கள் கையில் உள்ளன. பிரசவ அறையில் ஒரு பெண் துணையை அனுமதிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016-இல் சொல்லிவிட்டது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் கருப்பை வாய் திறக்கவில்லை என்பதற்காக மட்டும் அவசரப்படுத்தக் கூடாது, விரும்பிய நிலையில் இருந்து பெற விட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரை. சுகப்பிரசவத்தை நடத்தவென்றே தனித் தகுதி பெற்ற மருத்துவச்சிச் செவிலியர்களை உருவாக்கும் திட்டத்தையும் மத்திய அரசு அதே ஆண்டில் அறிவித்தது. இவற்றையெல்லாம் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் செயல்படுத்து என்று நீங்கள் திரண்டு கேட்டிருந்தால், உங்கள் மனைவிக்கு மட்டுமல்ல, மாஞ்சோலையிலிருந்து இறங்கி வரும் பெண்ணுக்கும் அது கிடைத்திருக்கும். நீங்கள் விலகிப் போனதால் கேட்கும் குரல் ஒன்று குறைந்துபோனது.

நான்காவது, என் உடம்பு, என் முடிவு என்பது. வளர்ந்த ஒரு பெண் தன் உடம்பில் எந்தச் சிகிச்சையையும் மறுக்கலாம் என்பதை முழுமையாக ஏற்கிறேன். அதனாலேயே போலீசை அனுப்பும் முறையை நான் ஏற்கவில்லை. வழக்குக்கு அஞ்சும் குடும்பம் அடுத்த முறை இன்னும் கவனமாக மறைக்கும். ரத்தம் போகத் தொடங்கியபின்னும் 108-ஐ அழைக்கத் தயங்கும். அதிகாரம் காட்டும் மிரட்டல் உயிரைக் காப்பாற்றாது. ஆனால் இங்கே ஒன்றைக் கேட்க வேண்டும். முடிவெடுத்தது உண்மையில் யார்? வீடியோ பார்த்தது, பேச்சாளர்களைத் தேடிப் போனது, அலோபதி வேண்டாம் என்று கொள்கை வகுத்தது பெரும்பாலும் கணவர். வலியும் ரத்தமும் மனைவியுடையவை. பயமாக இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவர் நடுவில் சொன்னால், உங்கள் கொள்கை தோற்றது என்று நினைக்காமல் வண்டியைக் கூப்பிடுவீர்களா? மூச்சு விடாமல் பிறந்த பிள்ளைக்கு எந்தக் கொள்கையும் கிடையாது. அதன் சார்பில் முடிவெடுக்க உங்களுக்கு உரிமை உண்டு என்றால், அதற்கு மூச்சு கொடுக்கத் தெரிந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் கடமையும் உண்டு.

மலைக்குத் திரும்புவோம். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங்கும் ராணி பங்கும் 1990-களில் செய்த வேலையை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்; வீட்டை நம்புகிறவர்கள் அவசியம் அறிய வேண்டிய பரிசோதனை அது. ஆஸ்பத்திரி எட்டாத 39 கிராமங்களில், ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி தந்து, பிரசவ நேரத்தில் உடனிருக்கவும், அடுத்த நாள்களில் வீடு தேடிப் போய்ச் சிசுவைப் பார்க்கவும், மூச்சு எண்ணவும், எடை போடவும், தொற்றுக்கு ஊசி போடவும் வைத்தார்கள். ஆயிரத்துக்கு 62 ஆக இருந்த பச்சிளங்குழந்தை மரணம் மூன்றாம் ஆண்டில் 25.5 ஆக இறங்கியது. அதைப் பின்பற்றித்தான் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் வீட்டில் சென்று பார்க்கும் தேசியத் திட்டம் 2011-இல் வந்தது. வீட்டில் பிறந்திருந்தால் முதல் நாளும் சேரும். வீடு அங்கே பாதுகாப்பானதற்குக் காரணம், பழகிய கையும் கண்ணும் மருந்தும் வீட்டுக்குள் வந்ததுதான். மலைமேல் இருப்பவர்களுக்கு அரசு செய்ய வேண்டியதும் இதுவே. மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்களில் நாள் நெருங்கிய கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்கப் பிரசவக் காத்திருப்பு அறைகள் வைக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. மாஞ்சோலை மலைக்கும், காரையாறு அணைக்கு அப்பால் இருக்கும் காணிப் பழங்குடிக் குடியிருப்புகளுக்கும் அப்படி ஓர் அறை, துணைக்கு வரும் தாய்க்கும் சேர்த்துச் சாப்பாட்டோடு, அடிவாரத்தில் வேண்டும். மழைக்காலத்தில் மலைமேல் நிற்கும் ஆம்புலன்ஸ் வேண்டும். மலையில் எத்தனை குடும்பம் மிச்சமிருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஒரு குடும்பம் இருந்தாலும் அங்கே ஒரு பேறுகாலம் வரலாம்.

இதையெல்லாம் படித்தபின்னும் உங்களில் சிலர் மனம் மாறாமல் இருக்கலாம். மழையில் பாதை அடைபட்டோ, வலி சட்டென்று முற்றியோ, விரும்பாமலே சிலருக்கு வீட்டில் பிறந்துவிடலாம். இரு தரப்பினருக்கும் சொல்கிறேன். பிள்ளை வந்தவுடன் ஈரத்தைத் துடைத்து, தாயின் வெறும் நெஞ்சோடு ஒட்டிப் படுக்க வைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். மலைக்குளிரில் இதைவிடப் பெரிய மருந்து இல்லை. ஒருநாள் கழியும்வரை குளிப்பாட்ட வேண்டாம். சேனை வைக்க வேண்டாம், தேன் நாக்கில் தடவ வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் போகட்டும். கையில் கிடைத்த கத்தியால் கொடியை அறுக்காதீர்கள். அறுக்காமலே இருவரையும் வண்டியில் ஏற்றலாம். சுகமாகப் பிறந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் அன்றைக்கே கொண்டுபோய் வைட்டமின் கே, பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி ஊசி ஆகியவற்றைப் போடச் சொல்லுங்கள். யார் என்ன கேட்டாலும் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். பனிக்குடம் எப்போது உடைந்தது, எவ்வளவு ரத்தம் போனது என்பதை வைத்துத்தான் மருத்துவர் அடுத்த அடி எடுத்து வைப்பார்.

இப்போது வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் உங்களிடம் கேட்டுக்கொள்வது இது. உங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். ரத்த வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். இரவும் பகலும் செவிலியர் இருக்கும் பிரசவ அறையை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். துணைக்கு அம்மாவோ அத்தையோ உள்ளே வருவார் என்று இப்போதே சொல்லிவிடுங்கள், மறுத்தால் எழுதிக் கேளுங்கள். மலையில் இருப்பவர்கள் குறித்த தேதிக்கு இரண்டு வாரம் முன்பாகவே கீழே இறங்கிவிடுங்கள். பிறந்தபின் பால் குடிக்காமல் துவளும் பிள்ளையை, உள்ளங்கால் மஞ்சளான பிள்ளையை, மூச்சு வாங்கும் பிள்ளையை விடியட்டும் என்று வைத்திருக்காதீர்கள். அந்த இரவிலேயே 108-ஐ அழையுங்கள்.